கம்ப்யூட்டரில் ஒழுங்காக இருக்கும் பாட்டு, காருக்குள் போனதும் ஏன் கலைந்துவிடுகிறது?

கேட்டவர் எழுதியிருப்பதன் சாரம் இது. கம்ப்யூட்டரில் ஆயிரம் பாட்டு சேர்த்து வைத்திருக்கிறார். அதிலிருந்து இரண்டு சிடி பர்ன் செய்து காரில் போட்டுப் பார்த்திருக்கிறார். ஒன்று பாடுகிறது, ஆனால் முதல் பாட்டுக்குப் பிறகு பத்தாவது, பதினொன்றாவது என்று தாவிவிட்டுத்தான் இரண்டாவதற்கு வருகிறது. இன்னொன்றை ஸ்டீரியோ உள்ளே இழுத்து, சற்று நேரம் சுற்றிப் பார்த்து, எரர் என்று காட்டி வெளியே தள்ளிவிடுகிறது. அதே இரண்டு சிடியும் கம்ப்யூட்டரில் ஒரு குறையும் இல்லாமல் ஓடுகின்றன. "எந்த பர்னிங் சாஃப்ட்வேர் நல்லது?" என்று கேள்வியை முடித்திருக்கிறார். ஒரு பெயரைச் சொல்லிவிட்டுப் போகலாம்தான். ஆனால் சாஃப்ட்வேரை மாற்றினாலும் இதே தொல்லை தொடரும். ஒரே டிஸ்க்கைக் கம்ப்யூட்டர் ஒரு விதமாகவும் கார் ஸ்டீரியோ வேறு விதமாகவும் ஏன் படிக்கின்றன என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டியது.

கார் ஆடியோ பொருத்துவதும் பழுது பார்ப்பதும் என் தொழில். சிடி பிளேயர் போய்விட்டது, மாற்றிக் கொடுங்கள் என்று வரும் வண்டிகள் பலவற்றில் பிளேயர் நன்றாகவே இருக்கும், சிடி எழுதப்பட்ட விதத்தில்தான் கோளாறு இருக்கும். கம்ப்யூட்டரில் பாட்டுகளை அடுக்கிக் காட்டுவது அதில் உள்ள மியூசிக் பிளேயர். ஆல்பம், பாடகர், நீங்கள் அடிக்கடி கேட்பவை என எல்லாவற்றையும் அது தனியாக ஓரிடத்தில் குறித்து வைத்துக்கொண்டு அழகாகக் காட்டும். அந்தக் குறிப்பு பாட்டு ஃபைலோடு சேர்ந்து வருவதில்லை. சிடிக்குப் போய்ச் சேர்வது மூன்றுதான்: ஃபைலின் பெயர், அது இருக்கும் ஃபோல்டர், ஃபைலுக்குள் பாட்டு, பாடகர் பெயர்களை எழுதியிருக்கும் டேக். கார் ஸ்டீரியோவுக்குத் தெரிந்ததெல்லாம் அவ்வளவே. அதனால் ஒழுங்குபடுத்தும் வேலை முழுவதையும் பர்ன் பட்டனைத் தொடுவதற்கு முன்பே, ஃபைல் பெயரிலும் ஃபோல்டரிலும் முடித்துவிட வேண்டும்.

அதற்கும் முன்னால் ஒரு முடிவு எடுக்க வேண்டும்: போடப்போவது ஆடியோ சிடியா, எம்பி3 சிடியா? ஆடியோ சிடி என்பது பிலிப்ஸும் சோனியும் 1980-ல் வகுத்த தரம். நொடிக்கு 44,100 மாதிரிகள், 16 பிட், இரண்டு சேனல். ஒலி துளியும் சுருக்கப்படுவதில்லை, நொடிக்கு 1,411 கிலோபிட் ஓடுகிறது. அதனால் ஒரு டிஸ்க்கில் 80 நிமிடத்துக்கு மேல் கொள்ளாது. நீளம் குறைந்த துண்டுகளாக இருந்தாலும் 99 டிராக்தான் எல்லை. ஆனால் சிடி பிளேயர் என்று பெயர் உள்ள எதுவும் இதைப் பாடும். எம்பி3 சிடி அப்படியல்ல. அது ஃபைல்களைச் சுமக்கும் வெறும் டேட்டா சிடி. ஸ்டீரியோவின் முகப்பிலோ கையேட்டிலோ எம்பி3 என்று போட்டிருந்தால்தான் பாடும். போடவில்லை என்றால் ஆடியோ சிடி ஒன்றே வழி, அதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை. எம்பி3 பாட்டை ஆடியோ சிடியாக மாற்றி எழுதினால் தரம் கூடிவிடும் என்று சிலர் நம்புகிறார்கள். கூடாது. சுருக்கும்போது வெளியே போன ஒலி திரும்பி வருவதில்லை. நொடிக்கு 128 கிலோபிட்டாகச் சுருக்கிய பாட்டை 320-ஆக மாற்றினாலும் அப்படித்தான்: ஃபைல் பெரிதாகும், மறுபடி சுருக்கியதில் இருந்த தரமும் கொஞ்சம் போகும்.

எம்பி3 சிடி என்று வைத்துக்கொள்வோம். 700 எம்பி டிஸ்க்கில் 192 கிலோபிட் பாட்டுகள் ஏறக்குறைய எட்டரை மணி நேரத்துக்குக் கொள்ளும். 128 என்றால் பன்னிரண்டரை மணிக்குச் சற்று மேல், 320 என்றால் ஐந்து மணிக்குச் சற்று மேல். பாட்டு சராசரியாக நாலரை நிமிடம் ஓடும் என்றால் 192-ல் ஒரு சிடிக்கு நூற்றுப் பத்துப் பாட்டு என்று கணக்கு வைக்கலாம். கேட்டவரின் ஆயிரமும் ஒன்பது அல்லது பத்து சிடிக்குள் அடங்கிவிடும். எந்த பிட்ரேட், அதாவது நொடிக்கு எத்தனை கிலோபிட், நல்லது என்பதில் என் கருத்தைச் சொல்கிறேன், இது காதுக்குக் காது மாறும். டயர் சத்தமும் காற்றும் எஞ்சினும் சேர்ந்து ஒலிக்கும் வண்டிக்குள் 192-க்கும் 320-க்கும் உள்ள வித்தியாசத்தைப் பிரித்துக் கேட்பது மிகக் கடினம். 128-ல் மட்டும் தாளத்தட்டின் ஒலியும் வயலினின் மேல் ஸ்தாயியும் கரகரப்பாவது எனக்குத் தெரிகிறது. புதிதாக எம்பி3 ஆக்குவதாக இருந்தால் 192, மாறாத பிட்ரேட்டில் செய்யுங்கள். மாறும் பிட்ரேட்டில் அமைந்த பாட்டுகளைப் பழைய ஸ்டீரியோக்கள் பாடினாலும், ஓடிய நேரத்தைத் தப்பாகக் காட்டுவது வழக்கம்.

ஃபார்மட் பற்றி நீட்டி முழக்கத் தேவையில்லை. எம்பி3 சிடி பாடும் ஸ்டீரியோ எதிலும் எம்பி3 ஓடும். டபிள்யூஎம்ஏ, ஏஏசி இரண்டும் மாடலைப் பொறுத்தவை. ஃப்ளாக், ஓக் போன்றவற்றைக் காரில் இருக்கும் சிடி பிளேயர் படிக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். அவற்றிலிருந்து எம்பி3 பிரதி எடுத்து அதை எழுதுங்கள், மூலத்தை அப்படியே வைத்திருங்கள். ஸ்ட்ரீமிங் செயலியில் டவுன்லோட் என்று போட்டுச் சேமித்தவை பூட்டிய ஃபைல்கள். அந்தச் செயலிக்கு வெளியே அவை பாடாது, சிடியில் எழுதியும் பயனில்லை.

இப்போது வரிசைக்கு வருவோம், கேள்வியின் மையம் இதுதான். ஒன்றிலிருந்து பத்துக்குத் தாவுவது ஸ்டீரியோவின் கோளாறு அல்ல. அது பெயரை எண்ணாகப் படிப்பதில்லை, அகராதியில் சொற்களை அடுக்குவதுபோல எழுத்து எழுத்தாக ஒப்பிடுகிறது. 1, 10, 11, 12 எல்லாமே ஒன்றில் தொடங்குவதால் அவை முதலில் வந்துவிடும், 2 பின்னால்தான் வரும். கம்ப்யூட்டரில் இது கண்ணில் படாததற்குக் காரணம், விண்டோஸ் எக்ஸ்பி காலத்திலிருந்தே விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர் எண்களை எண்களாகப் புரிந்துகொண்டு வரிசைப்படுத்திக் காட்டுகிறது. அந்த அறிவு சிடியில் ஏறாது. தீர்வு எளிது: பெயரின் தொடக்கத்திலேயே 01, 02, 03 என்று பூஜ்யத்தோடு எண் போடுங்கள். ஒரு ஃபோல்டரில் நூறு பாட்டைத் தாண்டினால் 001, 002. பாட்டுப் பெயருக்குப் பின்னால் எண் போட்டுப் பயனில்லை.

தொடக்கத்திலேயே எண் வர வேண்டும் என்று அழுத்திச் சொல்ல இன்னொரு காரணமும் இருக்கிறது. டேட்டா சிடிகளுக்கான அடிப்படை அமைப்பு ஐஎஸ்ஓ 9660. அதன் முதல் நிலையில் ஃபைல் பெயருக்கு எட்டு எழுத்து, mp3 போன்ற வகைக் குறிக்கு மூன்று எழுத்து, அவ்வளவுதான் இடம். பின்னால் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த ஜோலியட் 64 எழுத்து வரை பெயரை நீட்டிக்கொள்ள விட்டது. பெரும்பாலான பர்னிங் சாஃப்ட்வேர்கள் இரண்டு பெயரையும் சிடியில் சேர்த்தே எழுதும். கம்ப்யூட்டர் நீளமான பெயரைப் படிக்கும், சில ஸ்டீரியோக்கள் குட்டிப் பெயரை மட்டும் படிக்கும். பத்துப் பாட்டின் பெயரும் ஒரே படப் பெயரில் தொடங்கினால் முதல் எட்டு எழுத்து எல்லாவற்றுக்கும் ஒன்றாகிவிடும், அப்புறம் எது முன்னே எது பின்னே என்பது சாஃப்ட்வேர் எப்படிச் சுருக்கியது என்பதைப் பொறுத்துவிடும். எண் முன்னால் இருந்தால் இந்தக் குழப்பமே எழாது. பெயரில் ஆங்கில எழுத்து, எண், இடைவெளி, சிறு கோடு இவற்றைத் தவிர வேறு குறிகள் வேண்டாம். பெரிய எழுத்தையும் சின்ன எழுத்தையும் தனித்தனியாக அடுக்கும் ஸ்டீரியோக்களும் இருப்பதால், ஃபோல்டர் பெயர்களிலும் ஒரே முறையைக் கடைப்பிடியுங்கள்.

ஃபோல்டரை எப்படிப் பிரிப்பது என்பதில்தான் நான் அதிகம் அக்கறை காட்டச் சொல்வேன். கம்ப்யூட்டரில் தேடுவதற்கு உட்கார்ந்து பார்க்க நேரம் உண்டு. ஓட்டும்போது கண் சாலையில் இருக்க வேண்டும், கை மட்டும் பட்டனுக்குப் போக வேண்டும். பாடகர், அதற்குள் ஆண்டு, அதற்குள் ஆல்பம் என்று மூன்று அடுக்காக வைத்தால், ஒரு பாட்டைப் பிடிக்கத் திரையைப் பார்த்துப் பார்த்துத் தேட வேண்டிவரும். அது ஆபத்து. அதனால் ஒரே அடுக்கு போதும். சிடியின் வெளி மட்டத்தில் ஃபோல்டர்கள் மட்டும், ஃபோல்டருக்குள் பாட்டுகள் மட்டும். ஒரு சிடிக்கு ஆறு முதல் பத்து ஃபோல்டர், ஒவ்வொன்றிலும் பத்துப் பதினைந்து பாட்டு என்பது கைக்கு அடங்கும் அளவு. ஃபோல்டர் மாற்றும் பட்டனை மூன்று தடவை அழுத்தினால் நான்காவது ஃபோல்டர் என்று விரலுக்குப் பழகிவிடும், திரையைப் பார்க்க வேண்டியதில்லை. எதை வைத்துப் பிரிப்பது என்பது உங்கள் விருப்பம்தான். ஆனால் படம் வாரியாகப் பிரிப்பதைவிட, கேட்கும் நேரம் வாரியாகப் பிரிப்பது காருக்குப் பொருந்துகிறது என்பேன்: விடியற்காலைப் பயணம், நெரிசலில் நிற்கும் நேரம், இரவில் நீண்ட தூரம், குழந்தைகள் உடன் வரும்போது. பாட்டுகளை ஃபோல்டரின் வெளியே சிதறவிடாதீர்கள். சில ஸ்டீரியோக்கள் அவற்றை முதலில் பாடும், சில கடைசியில் பாடும். பாட்டு வரிசையைக் குறித்து வைக்கும் எம்3யு பிளேலிஸ்ட் ஃபைலைப் பல ஸ்டீரியோக்கள் கண்டுகொள்வதே இல்லை, அதை நம்பி வரிசை அமைக்க வேண்டாம். எத்தனை ஃபோல்டர், எத்தனை ஃபைல் வரை படிக்கும் என்ற எல்லை மாடலுக்கு மாடல் மாறுவதால் அதற்குக் கையேட்டைத்தான் பார்க்க வேண்டும்.

டேக் விஷயம் தமிழ்ப் பாட்டு கேட்பவர்களுக்குத் தனித் தலைவலி. எம்பி3 ஃபைலுக்குள் பாட்டின் பெயர், பாடகர், ஆல்பம் எழுதி வைக்கும் ஐடி3 என்ற முறையில் முதல் பதிப்பு பெயருக்கு 30 எழுத்துதான் இடம் கொடுத்தது. பின்னால் வந்த 2.3 நீளமான பெயர்களையும் யூனிகோடையும் ஏற்றது. 2.4 இன்னும் புதியது, ஆனால் அதைப் படிக்கத் தெரியாத பழைய ஸ்டீரியோக்கள் உண்டு. எனவே 2.3-ல் சேமிப்பது பாதுகாப்பு. தமிழ் எழுத்தில் டேக் எழுதினால் ஃபைலில் சரியாகவே பதியும். திரையில் காட்ட ஸ்டீரியோவுக்குள் தமிழ் எழுத்துரு வேண்டுமே! பெரும்பாலானவற்றில் அது இல்லை, கட்டங்களும் கேள்விக்குறிகளும்தான் வரும். காருக்குப் போகும் பிரதியில் மட்டும் ஆங்கில எழுத்தில் எழுதுங்கள், வீட்டுக் கம்ப்யூட்டரில் தமிழே இருக்கட்டும். ஆங்கில எழுத்தில் எழுதும்போது ஒரு பெயருக்கு ஒரே எழுத்துக்கூட்டு வைத்துக்கொள்வது முக்கியம். ஒரே பாடகரை இரண்டு விதமாக எழுதினால், பாடகர் வாரியாகக் காட்டும் ஸ்டீரியோ அவரை இரண்டு ஆளாக்கிவிடும். இணையத்தில் இறக்கிய பாட்டுகளின் டேக்கில் தளத்தின் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தால் அதையும் நீக்குங்கள். விண்டோஸுக்கு இலவசமாகக் கிடைக்கும் எம்பி3டேக் என்ற மென்பொருள் இதையெல்லாம் மொத்தமாகச் செய்யும், டேக்கைப் பார்த்து ஃபைல் பெயரையும் எண்ணோடு மாற்றித் தரும். ஆயிரம் பாட்டுக்கு ஒவ்வொன்றாகக் கை வைக்கத் தேவையில்லை. ஆல்பம் படம் பெரிதாக ஒட்டியிருந்தால் சிறிதாக்குங்கள் அல்லது எடுத்துவிடுங்கள். பழைய சிடி பிளேயருக்கு அது வெறும் சுமை.

சரி, எரர் காட்டிய அந்த இரண்டாவது சிடி. அவர் விண்டோஸில் ஃபோல்டரைத் திறந்து பாட்டுகளை இழுத்துப் போட்டதாகச் சொல்கிறார். அப்படிச் செய்யும்போது முதலில் ஒரு கேள்வி வரும்: இந்த டிஸ்க்கை யுஎஸ்பி டிரைவ்போலப் பயன்படுத்தவா, சிடி, டிவிடி பிளேயரில் போடவா? முதலாவதைத் தேர்ந்தெடுத்தால் விண்டோஸ் யுடிஎஃப் என்ற அமைப்பில் எழுதும். கம்ப்யூட்டர் அதைப் படிக்கும், கார் ஸ்டீரியோக்களில் பெரும்பாலானவை படிக்காது. இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தால் ஐஎஸ்ஓ 9660, ஜோலியட் என்று முறையாக எழுதப்படும். அந்த சிடியின் தோல்விக்கு இதுவே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் சிடியைக் கையில் பார்க்காமல் உறுதி என்று சொல்ல மாட்டேன், வேறு இரண்டு காரணங்களும் அடிக்கடி கண்ணில் படுகின்றன. ஒன்று, டிஸ்க்கை மூடாமல், அதாவது இனி எதுவும் சேர்க்க முடியாதபடி முடித்து வைக்காமல் விட்டு, பிறகு மறுபடி பாட்டு சேர்ப்பது. சில ஸ்டீரியோக்கள் முதல் தடவை எழுதியதை மட்டும் பார்க்கும், மூடாத டிஸ்க்கைச் சில தொடவே தொடாது. எல்லாப் பாட்டையும் ஒரே மூச்சில் எழுதி, ஃபைனலைஸ் அல்லது குளோஸ் டிஸ்க் என்பதைத் தேர்ந்தெடுத்துவிடுங்கள்.

மற்றொன்று டிஸ்க்கின் வகை. சிடி-ஆர் தன் மேல் விழும் லேசர் ஒளியில் 65 சதவீதத்துக்கு மேல் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது தரம். அழித்து எழுதும் சிடி-ஆர்டபிள்யூ 15 முதல் 25 சதவீதம்தான் அனுப்பும். அதற்கென்று வடிவமைக்காத பழைய பிளேயருக்கு அந்த ஒளி போதாது. டிவிடியில் எழுதினால் இடம் நிறையக் கிடைக்குமே என்று கேட்பவர்கள் உண்டு. சிடி லேசரின் அலைநீளம் 780 நானோமீட்டர், டிவிடிக்கு 650. சிடி மட்டும் படிக்கும் ஸ்டீரியோ டிவிடியைப் படிக்க வழியே இல்லை. சாதாரண 700 எம்பி சிடி-ஆர் வாங்குங்கள். எழுதும் வேகம் பற்றி இரண்டு கட்சிகள் இருக்கின்றன. மெதுவாக எழுதினால்தான் நல்லது என்பார்கள் ஒரு சாரார், இன்றைய டிஸ்க்குகள் மிகக் குறைந்த வேகத்துக்காகச் செய்யப்படவில்லை என்பார்கள் மறு சாரார். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. நான் 16 அல்லது 24 மடங்கில் எழுதச் சொல்வேன். எழுதி முடித்ததும் சரிபார்க்கும் வெரிஃபை வசதியை மட்டும் விட்டுவிடாதீர்கள். விண்டோஸில் இம்ஜ்பர்ன் (ImgBurn), லினக்ஸில் கே3பி அல்லது பிரேசரோ இந்த வேலைக்குப் போதும்.

ஒரு பாட்டு காதைக் கிழிக்க, அடுத்தது முனகுவது எம்பி3 சிடிகளில் வழக்கமான தொல்லை. வெவ்வேறு காலத்தில் பதிவானவற்றை ஒன்றாகச் சேர்ப்பதால் வருவது இது. பழைய பதிவுகள் மெல்லிய ஒலியில் இருக்கும், புதியவை முழு உச்சத்தில் அழுத்தப்பட்டிருக்கும். எம்பி3கெய்ன் என்ற மென்பொருள் பாட்டை மறுபடி சுருக்காமல், ஃபைலுக்குள் இருக்கும் ஒலி அளவுக் குறிப்பை மட்டும் 1.5 டெசிபல் படிகளாக மாற்றுகிறது. அதனால் தரம் குறைவதில்லை, எல்லா ஸ்டீரியோவிலும் பலன் தெரியும். மியூசிக் பிளேயர்கள் டேக்கில் எழுதி வைக்கும் ரீப்ளேகெய்ன் என்ற ஒலி அளவுக் குறிப்பை கார் ஸ்டீரியோக்கள் பெரும்பாலும் பார்ப்பதில்லை. தனியாவர்த்தனமும் ராகமாலிகையும்போல ஒரு டிராக்கிலிருந்து அடுத்ததற்கு இடைவெளி இல்லாமல் ஓட வேண்டிய கச்சேரிப் பதிவுகளுக்கு எம்பி3 சிடி சரிவராது. டிராக் மாறும் இடத்தில் சிறிய மௌனம் விழும். அதற்கு ஆடியோ சிடி போடுங்கள், டிஸ்க் முழுவதையும் ஒரே தொடராக எழுதும் டிஸ்க்-அட்-ஒன்ஸ் முறையில் எழுதுங்கள். டிராக்-அட்-ஒன்ஸ் முறை ஒவ்வொரு டிராக்குக்கும் நடுவே இரண்டு நொடி இடைவெளி விடும். சிடி-டெக்ஸ்ட் என்ற வசதியை இயக்கினால் ஆடியோ சிடியிலும் பெயர்கள் பதியும், அதைப் படிக்கத் தெரிந்த ஸ்டீரியோவில் தெரியும்.

கேட்டவரின் வண்டியில் யுஎஸ்பி துளையும் இருந்தால் பென்டிரைவ் இன்னும் வசதி. ஆனால் வரிசைக் கதை அங்கே மாறுகிறது. பென்டிரைவ்களில் வழக்கமாக இருக்கும் எஃப்ஏடி32 என்ற அமைப்பில் ஃபைல்கள் பெயர் வரிசைப்படி பதிவதில்லை, காப்பி ஆன வரிசையில் பதிகின்றன. பெயரைப் பார்க்காமல் அந்தப் பதிவு வரிசையிலேயே பாடும் ஸ்டீரியோக்கள் பல. 01, 02 என்று எண் போட்டும் கலைந்து பாடினால் காரணம் இதுதான். டிரைவை எஃப்ஏடி32-ல் ஃபார்மட் செய்து, ஃபோல்டர்களை ஒவ்வொன்றாக வரிசைப்படி காப்பி செய்யுங்கள், அல்லது ஃபேட்சார்ட் போன்ற கருவியால் பதிவு வரிசையைச் சரிசெய்யுங்கள். மேக் கம்ப்யூட்டரில் காப்பி செய்தால் ஒவ்வொரு பாட்டுக்கும் புள்ளியில் தொடங்கும் மறைவான குட்டி ஃபைல் ஒன்றும் கூடவே ஏறிவிடும். ஸ்டீரியோ அதையும் பாட்டு என்று எண்ணித் திணறும். அவற்றை அழித்துவிட வேண்டும்.

எழுதிய சிடியின் மேல் காகித லேபிள் ஒட்டாதீர்கள். வண்டிக்குள் ஏறும் சூட்டில் ஓரம் உரிந்து, ஸ்லாட்டுக்குள் சிக்கிக்கொள்ளும், அப்புறம் ஸ்டீரியோவைக் கழற்றித்தான் எடுக்க வேண்டும். சிடிக்கென்று விற்கும் மார்க்கரால் நடுவளையத்தில் எழுதினால் போதும். பாட்டைத் தாங்கும் படலம் லேபிள் பக்கத்தில்தான் மெல்லிய பூச்சுக்கு அடியில் இருக்கிறது, அந்தப் பக்கக் கீறல் அடிப்பக்கக் கீறலைவிட மோசம். சிடி-ஆரின் சாயத்தை வெயிலும் வெப்பமும் கெடுக்கும் என்பதால் டாஷ்போர்டின் மேல் வைக்க வேண்டாம். எத்தனை ஆண்டு உழைக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. அதனால் ஒவ்வொரு சிடிக்கும் கம்ப்யூட்டரில் அதே பெயரில் ஒரு ஃபோல்டர் வைத்திருங்கள், கெட்டுப்போனால் சில நிமிடத்தில் இன்னொன்று போட்டுக்கொள்ளலாம்.

ஆயிரத்தையும் ஒரே நாளில் ஒழுங்குபடுத்த முயல வேண்டாம். முதலில் இரண்டு ஃபோல்டர், இருபது பாட்டு மட்டும் வைத்து ஒரு சிடி எழுதி, வரிசையும் பெயரும் எப்படி வருகின்றன என்று காரில் பாருங்கள். அதுவும் எரர் காட்டினால், கடையில் வாங்கிய அசல் ஆடியோ சிடி ஒன்றைப் போடுங்கள். அது சீராகப் பாடினால் கோளாறு நீங்கள் எழுதும் முறையில் அல்லது டிஸ்க்கில் இருக்கிறது. அதுவும் தடுக்கினால் லென்ஸில் தூசியோ லேசர் தேய்ந்ததோ காரணமாக இருக்கலாம், எழுத்திலேயே அதைக் கண்டுபிடிக்க என்னால் முடியாது, நேரில் காட்ட வேண்டும். அந்தச் சோதனையின் முடிவையும், ஸ்டீரியோவின் மாடல் எண்ணையும், திரையில் வரும் எரர் வாசகத்தை அப்படியே எழுத்து மாறாமலும் இங்கே எழுதுங்கள், மேற்கொண்டு பார்க்கிறேன்.